ஜால்ரா இடப்பக்கம்

சத்தம் போதவில்லை.
பதினெட்டில் தொடங்கியது, பிறகு இருபத்து நான்கு,
இப்போது முப்பது.
அதற்கு மேல் எண் கிடையாது
இந்தத் தீப்பெட்டி அளவு பிளேயரில்.

ஜுபைலில் வெள்ளிக்கிழமை.
கடை திறக்க நாலு மணி ஆகும்.
அதுவரை எட்டுக் கட்டில் போட்ட அறையில்
ஏசி, மேட்டில் ஏறும் லாரிபோல்
இழுத்துக்கொண்டே இருக்கும்.
அதைத் தாண்டித்தான் நாதஸ்வரம் என்னிடம் வரவேண்டும்.

முதலில் பாட்டைக் குறை சொன்னேன்.
பரமக்குடி எபினேசர் ஏற்றித் தந்தது.
ஆயிரத்து இருநூறு பாட்டை
விரல்நக அளவு கார்டில் அடைத்தால்
நசுங்காமல் என்ன செய்யும்?
பெரிய ஃபைலாக வாங்கி ஏற்றினேன். அதே மந்தம்.
ஈக்வலைசரில் ராக், ஜாஸ், பாப் என்று இருந்தன;
தவில் எந்தச் சாதி என்று போடவில்லை.
அப்புறம் வயர்.
சொருகும் இடத்தில் டேப் சுற்றி, ஒரு கோணத்தில் வளைத்து,
தலையணையை முட்டுக் கொடுத்து
அசையாமல் கிடந்தேன், எலும்பு முறிந்தவன் மாதிரி.
சல்லடையில் அடைந்த அழுக்கை ஊசியால் நோண்டினேன்.
கடைசியில் ஷம்நாத் கடையில்
முப்பத்தைந்து ரியாலுக்குப் புதிது.
"நெஞ்சு குலுங்கும் அண்ணா" என்றான்.
குலுங்கவில்லை.

கம்பெனி தரும் மஞ்சள் பஞ்சு,
ஜோடி ஜோடியாய்ப் பெட்டி நிறைய.
கம்ப்ரசர் கூடத்துக்குள் போகுமுன் காதில் திணிக்கவேண்டும்.
திணித்தால் ஃபோர்மேன் கூப்பிடுவது கேட்காது,
கேட்காவிட்டால் அவர் கூப்பிடும் பெயர் மாறிவிடும்.
அதனால் ஏழு வருடம் சட்டைப்பையிலேயே கிடந்தது.
இன்று அதன் நடுவில் சூடேற்றிய ஆணியால் துளை போட்டு,
இயர்போனின் ரப்பரைக் கழற்றி எறிந்து
அதை மாட்டினேன்.
உருட்டி ஒடுக்கி உள்ளே விட்டு
மெதுவாய் அது உப்பும்வரை காத்திருந்தேன்.

ஏசி நின்றது.
நிற்கவில்லை, எனக்கு நின்றது.
தவிலின் தொப்பி வந்து
அடிவயிற்றில் உட்கார்ந்தது.
முப்பதைப் பதினொன்றுக்கு இறக்கினேன்.
கூட்டுவதில் இல்லையடா, ஓட்டையை அடைப்பதில் இருக்கிறது என்று
யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.
டேக் பகதூர் மட்டும் சாக்ஸ் துவைத்துக்கொண்டிருந்தான்.
இடப்பக்கத்தைக் கழற்றி அவன் காதில் வைத்தேன்.
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.
"சிங் சிங்" என்றான்.
என்ன சிங் சிங்?
இரண்டு உள்ளங்கையைக் குழித்துத் தட்டிக் காட்டினான்.
ஜால்ராவா?
இதில் ஏது ஜால்ரா,
ஃபோர்மேனைச் சுற்றித்தான் அது உண்டு என்று சிரித்தேன்.
அவன் தட்டுவதை நிறுத்தவில்லை. தாளம் தப்பவில்லை.

எல் என்று பொறித்ததை வாங்கி வலது காதில் விட்டேன்,
ஆர் என்றதை இடது காதில்.

இருந்தது.
கண்ணாடிப் பொடிபோல்
ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று.
எத்தனை வருடமாய் அடித்துக்கொண்டிருக்கிறார் அந்த மனிதர்!
மாற்றினேன். இல்லை.
திரும்ப மாற்றினேன். இருந்தது.
மந்தம் வயரோடு இடம் மாறவில்லை.
அது என்னோடு இருந்தது.

மூன்றாம் கம்ப்ரசர் எப்போதும் எனக்கு இடப்பக்கம்.

அடுத்த மாதம் மெடிக்கல்.
பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு
கேட்கும்போது பொத்தானை அழுத்து என்பார்கள்.
போன தடவை நர்ஸின் பேனா அசைவதைப் பார்த்து அழுத்தினேன்.
நைட் ஷிஃப்ட் தூக்கம்தான் என்று
நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் இன்னொரு ஜோடி பஞ்சு எடுத்தேன்,
இதில் துளை போடவில்லை.
படுக்கும்போது தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினேன்.
டேக் பகதூரின் கட்டில் இப்போது என் வலப்பக்கம்.
ஏன் என்று கேட்டான்.
ஏசிக் காற்று மூஞ்சியில் அடிக்கிறது என்றேன்.
இருட்டில் அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான்.
முழுக்கக் கேட்டது.